ஐந்து நிமிடம் ஊறவிடவும்

ஊபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
கீழே காருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.
எங்கள் வெட்டிவேர் வாசத்தில்
எப்போதும் கொஞ்சம் தின்னர் கலந்திருக்கும்.

பதினேழாவது கலவை
நேற்றிரவு தண்ணீராகிவிட்டது.
உப்பு ஒரு சிட்டிகை ஏறினால் கெட்டிப்படும்
இன்னொரு சிட்டிகை ஏறினால் கைவிட்டுப் போகும்
சாம்பார் மாதிரி என்றேன்.
ஹுதா சிரிக்கவில்லை.
பதிவேட்டில் 'தோல்வி' என்று எழுதி
தேதி போட்டாள்.

பொடுதலை.
நோயையே பெயரில் சுமக்கிற செடி.
என் புளோக்குக்குப் பின்னால், கால்வாயோரம்,
யாரும் நடாமல் படர்ந்து கிடக்கிறது.
புல்வெட்டி வந்து மாதம் இருமுறை
அதற்கு மொட்டையடித்துவிட்டுப் போகிறது.
அதில் ஒரு கிள்ளு பறிக்க எனக்கு அனுமதியில்லை.
அதே செடியைப் பொடியாய்,
மூட்டையில், சான்றிதழோடு,
சென்னையிலிருந்து வரவழைக்கிறேன்.

சாறு இறங்கும்போது பச்சைதான்.
நாற்பத்தைந்து டிகிரி அலமாரியில்
மூன்றாம் வாரம் ஆறிப்போன தேத்தண்ணி.
"மூலிகைன்னா பச்சையா இருக்கணும்லா"
என்கிறார் முதலாளி,
உச்சியில் முடியே இல்லாதவர்.

நாற்பது தலைகள் வந்தன.
ஒவ்வொன்றையும் எட்டு வயலாகப் பிரித்து
வகிடெடுத்து, விளக்கடித்து,
சுழியத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண்.
டாக்சி ஓட்டுநர். இரண்டு தாதியர்.
முந்தின வாரம்தான் ராணுவம் விட்டு வந்த பையன்.
யார் போத்தலில் சாறு, யார் போத்தலில் வெறும் நுரை,
எனக்கும் தெரியாது.

இருபத்துமூன்றாம் எண்,
வைரக்கண்ணு, துவாஸில் சாரம் கட்டுகிறவர்.
பன்னிரண்டு மணி நேரம் ஹெல்மெட்.
சீப்பு பட்டதும்
பழஞ்சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல் உதிர்ந்தது.
"கறுப்புச் சட்டை போட்டு நாலு வருசமாச்சு மேடம்."
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை.
எட்டு வயலிலும் ஐந்து.

ஞாயிறுதோறும் வந்தார்.
பேருந்து, ரயில், மறுபடி பேருந்து.
சாய்ந்த நாற்காலி, வெதுவெதுப்பான தண்ணீர்,
நுரை போட்டுக் கடிகாரத்தைத் திருகுவேன்:
ஐந்து நிமிடம்.
இரண்டாம் நிமிடத்திலேயே வாய் திறந்து
தூங்கிவிடுவார்.

ஆறாவது ஞாயிறு
மணி அடிக்கும் முன் அதை அணைத்தேன்.
ஒன்பது நிமிடம்.
பதிவேட்டில் ஐந்து என்றுதான் இருக்கிறது.
என் கையெழுத்துதான்.

எட்டாம் வாரம் உறையைப் பிரித்தோம்.
இருபத்துமூன்றின் மதிப்பெண்: ஒன்று, ஒன்று, சுழியம்,
சுழியம், ஒன்று, சுழியம், சுழியம், ஒன்று.
அவர் போத்தலில் பொடுதலை இல்லை.
வேம்பு இல்லை. வெட்டிவேர்கூட இல்லை.
வெறும் நுரை.

ஹுதா கணக்கை மூன்று முறை போட்டாள்.
சாறுள்ள கூட்டத்துக்கும் சாறில்லாத கூட்டத்துக்கும்
வித்தியாசம் உண்டு,
ஆனால் சத்தியம் செய்கிற அளவுக்கு இல்லை.
பூஞ்சை எண்ணெயைத் தின்று வாழ்கிறது.
எண்ணெயை யார் கழுவினாலும் அது பட்டினிதான்.
இது எனக்கு முதல் நாளே தெரியும்.
தெரிந்துகொண்டேதான்
சாற்றின் பக்கம் நின்றேன்.

கடைசிப் படிவத்தில் கையெழுத்திட வந்தார்.
முஸ்தபாவில் வாங்கியதாம்,
மடிப்பு கலையாத கறுப்புச் சட்டை.
போத்தல் இனி எங்கே கிடைக்கும் என்றார்.
கடையில் வரும் என்றேன்.
அவர் போத்தல் வராது என்று சொல்லவில்லை.
"அங்க குளியலறையில
பின்னாடி பத்துப் பேரு நிப்பாங்க மேடம்.
அஞ்சு நிமிசமெல்லாம் ஊறவிட முடியாது.
ஒரு நிமிசத்துல கேக்குமா?"

முதலாளியும் அதையேதான் கேட்கிறார்,
வேறு காரணத்துக்கு.
லேபிளில் 'ஒரே நிமிடத்தில்' போட்டால் விற்குமாம்.

கலவை பதினெட்டு.
உப்பு குறைத்திருக்கிறேன்.
நிறம்: பழுப்பு. மாற்றப்போவதில்லை.
வைரக்கண்ணுவின் தோளில்
வெள்ளையாய் ஒரே ஒரு துகள் இருந்தது.
தட்டிவிட்டேன்,
எண்ணவில்லை.